நகரசபைத் திருத்தமும் சட்டசபையார் மனமும்

ஓர் ஊரின் ஆட்சிமுறையைத் திருத்த வேண்டுமென்று அவ்வூரார் விரும்புவராயின், அவர் முதற்கண் எவரிடம் செல்லல் வேண்டும்? நகரசபையாரிடம் என்று நம்மிற் பலர் விடையிறுப்பர். அவ்விடை பொருந்தாது. நகரசபை தன்னைத் தானே படைத்துக்கொண்டதன்று. சட்டசபை இயற்றிய சட்டத்தாற் படைக்கப்பட்டது. அதன் அங்கத்தினர் எத்துணையர், தலைவரைத் தேர்வோர் யாவர், தேர்தல் எப்பொழுது நடைபெறும், வரி எவ்வளவு விதிக்கலாம் என்பனவெல்லாம் சென்னையிற் கூடும் சட்டசபையின் கையில் உள்ளன. ஆதலின் நகரசபையைத் திருத்த விரும்புவோர், அதற்குச் சட்டசபை அங்கத்தினர் எத்துணைப் பேர் உண்மையில் உடன்படுவர் என்று முன்னரே அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. அங்ஙனம் அறிவது எவ்வாறு? மேடையிற் பேசும் பேச்சைக் கொண்டோ, சபையில் அளிக்கும் வாக்கைக் கொண்டோ, வேறு எதனைக் கொண்டோ? இதனையே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். எடுத்துக்காட்டாக நமக்கு அண்மையிலுள்ள திருவள்ளூர் ஜில்லாவையும், அதன் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் கொள்வோம்.

1. ஆராய்ச்சிக்குரிய இடம்

சென்னையினின்று இரண்டு இருப்புப்பாதைகள் இந்த ஜில்லாவினூடே செல்கின்றன. மேற்கே செல்வது ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூரை அடைந்து அரக்கோணம் நோக்கி ஓடுகின்றது. வடக்கே செல்வது எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்னும் ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைந்து ஆந்திர நாட்டிற்குள் நுழைகின்றது. முதற் பாதையில், வீரராகவப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த பழம்பதியாகிய திருவள்ளூர், ஜில்லாவின் தலைநகராய் நிற்கின்றது. இரண்டாம் பாதையில், சிப்காட் என்னும் அரசாங்கக் கழகம் அமைத்த தொழிற்பேட்டையால் இரும்பும் உருக்கும் பிறவும் ஆக்கும் ஊராகக் கும்மிடிப்பூண்டி மாறியுள்ளது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவினின்று பிரிந்து, திருவள்ளூர் ஜில்லா 1997-ஆம் ஆண்டில் தனியே தோன்றிற்று. ஊர்கள் விரைந்து பெருகுவதால் அவற்றின் ஆட்சி நிலையும் மாறிவருகின்றது. ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. பொன்னேரியும் திருநின்றவூரும் 2021-இல் நகராட்சிகளாக உயர்த்தப்பெற்றன. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், ஆரணி, ஊத்துக்கோட்டை முதலியன பேரூராட்சிகளாக ஆளப்பட்டு வந்துள்ளன. இவ்வூர்களுள் ஒன்றேனும் தன் ஆட்சிமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை உடையதன்று என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

2. ஸ்தல சுயாட்சி வளர்ந்த வரலாறு

ஊராரே ஊரை ஆளும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. திருவள்ளூருக்குத் தெற்கே காஞ்சிபுரத்தை அடுத்துள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தற்கு உரியரல்லர் என்று அவை விதிக்கின்றன. இப்பெருமையைக் கூறும்பொழுதே இதன் குறையையும் கூறுதல் நேர்மையாம். அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு வகுப்பினரது சபையே. ஊரில் உழுதோரும் நெய்தோரும் பெண்டிரும் அதன்கண் இடம்பெற்றிலர். ஆயினும், விதி முன்னரே கல்லில் வெட்டப்பட்டு யாவரும் காண நின்றது. தேர்தல் அணுகும்பொழுது தமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று என்பது கருதத்தக்கது.

ஆங்கில ஆட்சியில் 1865, 1871-ஆம் ஆண்டுகளின் நகர அபிவிருத்திச் சட்டங்கள் நம் மாகாணத்து ஊர்களுக்கு நகரசபைகளைத் தந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் அதிகாரிகளின் சபைகளாகவே இருந்தன. ரிப்பன் பிரபு 1882-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட தீர்மானம், ஸ்தல ஸ்தாபனங்களில் அதிகாரிகளல்லாதார் மிகுதியாக அமர வேண்டும் என்றும், அவை மக்களுக்கு அரசியற் பயிற்சி தரும் பள்ளியாக விளங்க வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தது. அதன் பயனாக 1884-இல் ஜில்லா முனிசிபாலிடிச் சட்டமும் ஸ்தல போர்டுச் சட்டமும் பிறந்தன. இவை இரண்டும் 1920-இல் புதுக்கப்பட்டன. அவ்வாண்டின் முனிசிபாலிடிச் சட்டமே, பல திருத்தங்களுடன், நூறாண்டுக்கு மேல் நம் நகரங்களை ஆண்டுவந்தது.

சுதந்தரம் பெற்ற பின்னரும் ஸ்தல ஸ்தாபனங்கள் மாநில அரசின் அருளையே நோக்கி நின்றன. தேர்தல் நடத்துதலும் நடத்தாது விடுதலும் அரசின் விருப்பாயின. தமிழ்நாட்டில் 1986-இல் நடைபெற்ற ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்குப் பின்னர் அடுத்த தேர்தல் 1996-ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. இந்நிலையை மாற்றவே அரசியற் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஐந்தாண்டுக் காலவரை, தனித் தேர்தல் ஆணையம், தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்டிர்க்கும் இட ஒதுக்கீடு என்பன அவற்றால் உறுதியாயின. பெண்டிர்க்குரிய பங்கினை மூன்றில் ஒன்றினின்று பாதியாகத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2016-இல் உயர்த்திற்று.

ஆனால் ஒன்றனை மட்டும் அத்திருத்தம் மாநிலச் சட்டசபைக்கே விட்டது. அது நகரசபைத் தலைவரைத் தேரும் முறை. அரசியற் சட்டத்தின் 243-ஆர் என்னும் பிரிவு, அம்முறையை மாநிலச் சட்டம் வகுக்கலாம் என்கின்றது. இச்சிறு வாயிலின் வழியே புகுந்த மாறுதல்கள்தாம் நமது ஆராய்ச்சிக்கு உரைகல்லாகின்றன.

3. வழக்கின் இரு பக்கம்

நகரசபைத் தலைவரை நகரமக்களே நேரில் தேர்வது ஒரு முறை. மக்கள் வார்டு அங்கத்தினரைத் தேர, அவ்வங்கத்தினர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்வது மற்றொரு முறை. முன்னதை நேர்முகத் தேர்தல் என்றும், பின்னதை மறைமுகத் தேர்தல் என்றும் வழங்குவர்.

நேர்முகத் தேர்தலை வேண்டுவோர் கூறுவது இது: தலைவர் ஊர் முழுவதற்கும் பொறுப்புடையவராதல் வேண்டும். ஒரு பேரூராட்சியில் பதினைவர் அங்கத்தினர் எனக் கொள்வோம். மறைமுக முறையில் எண்மரைத் தம்வயமாக்குவோர் தலைவராவர். எண்மரை வசப்படுத்துதல் எளிது. எண்ணாயிரம் வாக்காளரை வசப்படுத்துதல் அரிது. அன்றியும், வாக்களிக்கச் செல்லும் குடிமகனுக்குத் தன் ஊரின் தலைவர் யாராவார் என்று தெரியாமலே வாக்களிக்க வேண்டியிருக்கின்றது.

மறைமுகத் தேர்தலை வேண்டுவோர் கூறுவதும் இழித்தற்குரியதன்று. தலைவர் ஒரு கட்சியினராகவும் அங்கத்தினரிற் பெரும்பாலோர் மற்றொரு கட்சியினராகவும் அமையின், வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாது. குழாயும் விளக்கும் சாக்கடையும் காத்துக் கிடக்கும். நாட்டின் பிரதமரும் மாநிலத்தின் முதலமைச்சரும் சபையின் நம்பிக்கையால் ஆள்கின்றனரேயன்றி, மக்களால் நேரே அப்பதவிக்குத் தேரப்பெற்றவரல்லர். அம்முறை பெரிய ஆட்சிக்குத் தகுமாயின் சிறிய ஆட்சிக்கு ஏன் தகாது? பிரான்சு தேசத்தில் நகரசபையே மேயரைத் தேர்கின்றது. அதனால் அங்கு ஸ்தல ஆட்சி அழிந்துபோகவில்லை.

நம் ஜில்லாவில் இவ்விரு முறையும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். கிராம ஊராட்சித் தலைவரை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மக்களே நேரில் தேர்கின்றனர். கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சித் தலைவரையோ 2022-இல் அங்கத்தினரே தேர்ந்தனர். ஆகவே தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஒரு சிற்றூரில் வாழ்பவருக்குத் தம் தலைவரைத் தேரும் உரிமை உண்டு. அவரே வேலையின் பொருட்டு நகரினுள் குடிபுகுவாராயின் அவ்வுரிமையை இழக்கின்றார். ஊர் வளர வளர உரிமை சுருங்குதல் வியப்பன்றோ?

4. சட்டசபை நடந்த வழி

இனிச் சட்டசபையார் இதுபற்றிச் செய்ததை ஆண்டுமுறையில் நோக்குவோம். 1996-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 2001-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் மேயர்களையும் நகரசபைத் தலைவர்களையும் மக்களே நேரில் தேர்ந்தனர். 2006-இல் சட்டம் திருத்தப்பட்டு அவ்வாண்டுத் தேர்தல் மறைமுகமாயிற்று. 2011-இல் ஆட்சி மாறிற்று; முறையும் மாறி நேர்முகத் தேர்தல் மீண்டும் வந்தது. 2016-இல் மேயரை மறைமுகமாகத் தேரும் மசோதா நிறைவேறிற்று. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்முக முறைக்கே திரும்பினர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் ஆகிய மூவகையாரையும் தேர்வது மறைமுகமாயிற்று. 2021-இல் ஆட்சி மாறியும் அம்முறை மாறவில்லை. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-இல் வார்டுத் தேர்தலும், மார்ச்சு 4-இல் தலைவர் தேர்தலும் அவ்வாறே நடைபெற்றன.

இப்பட்டியலை நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, 1996-இல் நேர்முக முறையில் தேர்தல் நடத்திய கட்சியே 2006-இல் அதனை நீக்கிற்று. 2011-இல் அதனை மீட்ட கட்சியே 2016-இலும் 2019-இலும் மறைமுக முறையைக் கொணர்ந்தது. எனவே இரு பெருங் கட்சியாரும் இரு பக்கத்திலும் நின்றனர். இரண்டாவது, மாறுதல்கள் பெரும்பாலும் தேர்தல் அணுகிய வேளையிலேயே செய்யப்பட்டன. மூன்றாவது, இவற்றுள் ஒன்றேனும் ஊர் மக்களிடம் நேரே கேட்டுச் செய்யப்பட்டதன்று.

பிற தேசத்து வழக்கம் ஒன்றனை ஈண்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். இலண்டன் மாநகர்க்கு நேரில் தேரப்பெறும் மேயர் வேண்டுமா என்று 1998-இல் அந்நகர மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. அவர் உடன்பட்ட பின்னர் 2000-இல் முதல் தேர்தல் நடந்தது. பிரிஸ்டல் நகர மக்கள் 2012-இல் தமக்கு நேர்முக மேயர் வேண்டுமென்று வாக்களித்தனர். பத்தாண்டு அம்முறையைக் கண்டு, 2022-இல் அது வேண்டாவென்று வாக்களித்தனர். அவர் செய்தது சரியோ தவறோ, செய்தவர் ஊராரே. நம் நாட்டில் அத்தகைய பொதுவாக்கெடுப்புக்குச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே சட்டசபை அங்கத்தினரின் மனத்தை அளந்தறிதல் நமக்கு இன்னும் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

5. மனத்தை அளக்கும் அளவைகள்

அங்கத்தினர் ஒருவர் நகரசபைத் திருத்தத்திற்கு உண்மையான ஆதரவாளரா என்பதை எவ்வாறு அறிவது? ஐந்து அளவைகளை நாம் கூறுவோம்.

முதல் அளவை, பேச்சினும் வாக்கே பெரிது என்பது. மக்களாட்சி வேருன்ற வேண்டுமென்று பேசாத அரசியலாளர் இலர். ஆயின் மசோதா வந்த நாளில் அவர் எப்பக்கம் நின்றார் என்பதே கேள்வி. இதனை அறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சபையிற் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறுகின்றன. ஆம் என்போர் குரலும் இல்லை என்போர் குரலும் கேட்டுச் சபாநாயகர் முடிவு கூறுவார். அங்கத்தினரை எண்ணிக் கணிக்கும் டிவிஷன் முறை கோரப்பட்டாலன்றித் தனித்தனியே இன்னார் இன்னவாறு வாக்களித்தார் என்னும் பதிவு எஞ்சுவதில்லை. ஆகையால் விவாதத்தில் அவர் பேசியது, கேட்ட கேள்வி, கொணர்ந்த வெட்டுத் தீர்மானம் ஆகியவற்றைச் சபை நடவடிக்கைக் குறிப்புகளினின்று தொகுத்தே துணிதல் வேண்டும்.

இரண்டாம் அளவை, அவ்வாக்கு அவருடையதா, கட்சியினுடையதா என்பது. 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைச் சட்டசபை, பெண்டிர் என்னும் காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்று தீர்மானித்தது. அக்காலத்தில் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியவரைப் பதவியினின்று நீக்கும் சட்டம் இல்லை. அங்கத்தினரின் வாக்கைக் கொண்டு அவர் மனத்தை ஒருவாறு அறியலாம். இக்காலத்து நிலை வேறு. 1985-இல் அரசியற் சட்டத்தில் பத்தாம் அட்டவணை சேர்ந்த பின்னர், கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் தம் அங்கத்தினர் பதவியையே இழக்க நேரும். கட்சி மாறிப் பேரம் பேசுவதைத் தடுக்க அச்சட்டம் வேண்டப்பட்டது. எனினும் அதனால் அங்கத்தினரின் தனிமனம் திரைக்குப் பின் மறைந்தது. ஆகவே அவர் மனத்தைச் சபைக்குள் அன்றி, கொறடாவின் ஆணை எட்டாத இடங்களில் தேடல் வேண்டும். தம் கட்சிக்குள் அவர் என்ன கூறினார்? தம் தொகுதியிலுள்ள நகரசபையின் கூட்டத்தை மதிக்கின்றாரா? ஊர்ப்பணியைத் தொடங்கி வைக்கும்பொழுது நகரசபைத் தலைவரை உடன்வைத்துக்கொள்கின்றாரா? இவை சிறியனவாயினும் பொய்யாச் சான்றுகள்.

மூன்றாம் அளவை, இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்ததா என்பது. தமிழ்நாடு நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனங்கள் சட்டம் 1998-இல் நிறைவேறிற்று. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒரே சட்டம் வகுப்பது அதன் கருத்து. அது திருத்தம் பெற்று முழுதும் நடைமுறைக்கு வந்தது 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில். இடையில் இருபத்தைந்து ஆண்டு கழிந்தன. அவ்வாறே, வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைத்து நகரமக்கள் தம் தெருக்குறையைக் கூடிப் பேச வழிவகுக்கும் விதிகள் 2022-இலேதான் வெளிவந்தன. 1998-இல் கைதூக்கினோரை ஆதரவாளர் என்று எழுதிக்கொண்ட ஒருவர், ஒரு தலைமுறை வரையில் ஏமாந்திருப்பார். எனவே சட்டத்திற்கு வாக்களித்தாரா என்று கேட்பதுடன், அது தொடங்கும் நாளையும் அதன் விதிகளையும் வற்புறுத்தினாரா என்றும் கேட்டல் வேண்டும்.

நான்காம் அளவை, நிலைபேறு. ஆளுங்கட்சி வரிசையில் இருந்தபொழுதும் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபொழுதும் ஒரே கருத்தைக் கூறினாரா? இருக்கை மாறியவுடன் கருத்தும் மாறுமாயின் அது கருத்தன்று; இருக்கையின் நிழல். மேற்கூறிய பட்டியல் இந்த அளவையில் நம் கட்சிகளை மெச்சத்தக்க நிலையிற் காட்டவில்லை.

ஐந்தாம் அளவை, பொருளும் அதிகாரமும் விட்டுக்கொடுத்தல். அரசியற் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகரசபைகளுக்குத் தரத்தக்க 18 துறைகளைக் கூறுகின்றது. நகரத் திட்டம், சாலை, குடிநீர், சுகாதாரம், சேரி முன்னேற்றம் முதலியன அவற்றுட் சில. தரவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. தரலாம் என்றே கூறுகின்றது. சட்டசபை அங்கத்தினர்க்கோ தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு தொகை ஆண்டுதோறும் கிடைக்கின்றது. ஊரில் ஒரு தெருவிளக்கும் நிழற்குடையும் அமைத்துப் பெயர்பெறும் வாய்ப்பு அவர்க்கு அதனால் உண்டு. வலிமையும் பொருளும் உடைய ஒரு நகரசபைத் தலைவர் அப்பெயரைப் பங்கிட்டுக்கொள்வார். அடுத்த தேர்தலில் போட்டியாளராகவும் நிற்பார். இதனை அறிந்தும் நகரசபைக்கு அதிகாரம் வேண்டும் என்று கூறும் அங்கத்தினரே மெய்யான ஆதரவாளர்.

6. இதனால் வரும் நன்மை தீமை

இவ்வளவு நுணுகி ஆராய்தல் எதற்கு, எவர் தலைவரானால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவர்க்கு விடை 2016 முதல் 2022 வரையுள்ள ஆண்டுகளே தரும்.

2011-இல் தேரப்பெற்ற ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்றது. அம்மாதமே நடைபெறவிருந்த தேர்தலின் அறிவிப்பை, இட ஒதுக்கீட்டு விதிகள் முறைப்படி பின்பற்றப்படவில்லை என்னும் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிற்று. பின்னர் வார்டு வரையறை, வழக்கு, மேல்வழக்கு என்று காலம் நீண்டது. திருவள்ளூர் ஜில்லாவின் கிராம ஊராட்சிகளுக்கு 2019-ஆம் ஆண்டு டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியிலுமே தேர்தல் நடைபெற்றது. நகரங்கள் ஐந்தாண்டுக்கு மேலாக, அஃதாவது ஒரு நகரசபையின் முழு வாழ்நாளினும் மிகுந்த காலம், தனி அலுவலர்களால் ஆளப்பட்டன. அத்தனி அலுவலர்களின் பதவிக்காலத்தை நீட்டிக்கும் மசோதாக்கள் மீண்டும் மீண்டும் சட்டசபைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் நிறைவேறின. நகரசபைபால் சட்டசபையாரின் அன்பு எத்தகையது என்பதை அளக்க, அவ்வாக்குகளைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இதனால் நேர்ந்த இழப்பு வெறும் பெருமையிழப்பன்று. தேரப்பெற்ற சபை இன்மையால் மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரவேண்டிய மானியத்தில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். பல ஊர்களையும் பல வேலைகளையும் தாங்குபவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் மாற்றலாகிச் செல்பவர். குடிநீர் வாராத தெருவிலுள்ளார் அவரை அடுத்த தேர்தலில் விலக்க முடியாது. ஊராட்சிகளின் கதையும் அங்ஙனமே மீண்டது: 2019-இல் தேரப்பெற்றோரின் காலம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவுறத் தனி அலுவலர் ஆட்சி அங்கு மீண்டும் புகுந்தது.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிலூர்க்கு இவ்விழப்பு மற்றும் மிகுதி. ஆலைகள் பெருகும் இடத்தில் புகை, கழிவுநீர், கனரக வண்டிகள், நெருக்கமான குடியிருப்பு என்னும் இடர்கள் நாடோறும் எழுகின்றன. அங்கே உழைப்போருட் பலர் ஒரிசா, பீகார் முதலிய தேசங்களினின்று வந்தவர். அவர் பெயர் தம் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உளது. அவ்வூரிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் உண்டு. அங்குள்ளாருட் பலர் பல்லாண்டு வாழ்ந்தும், இந்நாட்டுக் குடியுரிமை இன்மையால் வாக்கிலர். ஆகவே ஊரின் தண்ணீரைக் குடித்து, ஊரின் தூசியைச் சுவாசித்து, ஊரின் செல்வத்தைப் பெருக்குவோரிற் பலர்க்கு ஊராட்சியில் ஒரு சொல்லும் இல்லை. வாக்குடைய சிலர்க்கும் ஐந்தாண்டு சபை இல்லையாயின், அவ்வூரின் குரல் எங்கே கேட்கும்?

இதனுடன் ஒன்று கூறுவோம். அரசியற் சட்டத்தின் 243-கியூ என்னும் பிரிவு, தொழில் நிறுவனமே நகர வசதிகளைச் செய்துதரும் பகுதியைத் தொழில் நகரியம் என்று அறிவித்து, அங்கே நகரசபை அமைக்காமலும் விடலாம் என்று இடந்தருகின்றது. தொழிற்பகுதிகளில் வாழ்வோர் இப்பிரிவை அறிந்திருத்தல் நன்று. விளக்கும் சாலையும் நன்கு அமையலாம். ஆனால் விளக்கு எரியவில்லையேல் கேட்பதற்குரிய அங்கத்தினர் அங்கு இரார்.

7. கேட்கத்தக்க வினாக்கள்

இனி, மேற்கூறிய அளவைகளைக் கொண்டு நம் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினரிடம் கேட்கத்தக்க வினாக்களைத் தொகுத்துரைப்போம். 2008-ஆம் ஆண்டுத் தொகுதி வரையறையின்படி இந்த ஜில்லாவில் கும்மிடிப்பூண்டி முதல் திருவொற்றியூர் ஈறாகப் பத்துத் தொகுதிகள் எண்ணப்பட்டன. 234 பேர் கொண்ட சபையில் பத்துப் பேர் சிறு தொகையே. ஆயினும் பதின்மர் ஒருமித்து ஒரு கேள்வி எழுப்பின் அமைச்சர் விடையிறுக்காமல் இருத்தல் அரிது.

ஒன்று: நகரசபைத் தலைவரைத் தேரும் முறை யாதாயினும், அதில் செய்யும் மாறுதல் அடுத்து வரும் தேர்தலுக்கன்றி அதற்கும் அடுத்த தேர்தலுக்கே பொருந்தும் என்று விதி செய்ய உடன்படுவீரா? இரண்டு: சபையின் காலம் முடிவதற்கு ஆறு திங்கள் முன்னரே வார்டு வரையறையும் இட ஒதுக்கீடும் முடிந்து வெளியாக வேண்டும் என்று வற்புறுத்துவீரா? மூன்று: தனி அலுவலர் காலத்தை நீட்டிக்கும் மசோதா வரின், பெயர் பதிவாகும் டிவிஷன் வாக்கெடுப்பைக் கோருவீரா? நான்கு: பன்னிரண்டாம் அட்டவணையின் 18 துறைகளுள் எவற்றை நும் தொகுதியிலுள்ள நகரசபைக்குப் பொருளோடும் ஊழியரோடும் விட்டுக்கொடுக்கலாம் என்று கருதுகின்றீர்? ஐந்து: வாக்கில்லாத் தொழிலாளரும் பகுதி சபையில் வந்து தம் குறையைக் கூற இடந்தருவீரா?

இவ்வினாக்களை எழுத்திற் கேட்டு எழுத்தில் விடை பெறுதல் நன்று. விடை தராமையும் ஒரு விடையே; அதனையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். உடன்படுவோர், மறுப்போர், நழுவுவோர் என்று மூவகையாகப் பகுத்து, நழுவுவோரிடம் மறுமுறை செல்லல் வேண்டும். மறுப்போரை இகழ்தல் கூடாது. அவர் கூறும் காரணத்தால் நம் கருத்தே திருந்தலாம். கட்சி நோக்கிக் கேட்போமாயின் கட்சி விடையே கிடைக்கும்; ஊர் நோக்கிக் கேட்போமாயின் ஊருக்குரிய விடை கிடைத்தற்கு வழியுண்டு.

முடிவுரை

நேர்முகத் தேர்தலோ மறைமுகத் தேர்தலோ எது சிறந்தது என்று இங்கு நாம் முடிவு கூற முற்படவில்லை. இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் தீமை உண்டு. ஆனால் விளையாட்டு நடக்கும்பொழுதே அதன் விதியை மாற்றுதல் எம்முறையிலும் நன்மை பயவாது என்பதும், தேர்தலே நடவாமை எல்லாத் தீமையினும் பெரிது என்பதும் நமது துணிபு. உத்தரமேரூர்ச் சபையார் தம் விதியைக் கோயிற் சுவரிற் பொறித்தது அது நிலைத்தற்பொருட்டே. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த நாம், எல்லார்க்கும் வாக்குத் தந்ததில் அவரினும் மேம்பட்டோம். விதியை நிலைக்கச் செய்ததில் அவர்க்குப் பிற்பட்டோம்.

நம் கல்லூரியில் பயில்வோரிற் பலர் திருவள்ளூர்ப் பாதையிலும் கும்மிடிப்பூண்டிப் பாதையிலும் நாடோறும் ரயிலேறி வருபவர். அவர் தத்தம் ஊரின் வார்டு எது, அங்கத்தினர் யார், பகுதி சபை எப்பொழுது கூடிற்று என்பவற்றை இவ்விடுமுறையில் அறிந்துகொள்வாராக. அறிந்தபின் தம் சட்டசபை அங்கத்தினரிடம் மேற்கூறிய ஐந்து வினாக்களுள் ஒன்றனையேனும் பணிவுடன் கேட்பாராக. ரிப்பன் பிரபு ஸ்தல ஸ்தாபனத்தை அரசியற் பள்ளியாகக் கண்டார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்குமாயின், அதனைத் திறக்குமாறு கேட்க வேண்டியவர் மாணவரேயன்றோ?